சமயப் பாடத்துக்கு எடுத்த பால்குடம்

அன்று நான் வாயைத் திறந்தது அம்மாவைக் காப்பாற்றவா, காட்டிக்கொடுக்கவா? இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்கு விடை தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போது ஒரு விடை சரியென்று படும். மகளுக்குத் தலை பின்னும்போது மற்றது சரியென்று படும்.

உங்களில் பலருக்கும் என் வயதுதான் இருக்கும். பிள்ளையை ஆறாம் தரத்தில் எங்கே சேர்ப்பது, எந்தப் பாடத்தை எடுக்கச் சொல்வது என்று என்னைப் போலவே அலைந்துகொண்டிருப்பீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். என்னோடு படித்த யாராவது இதை வாசித்தால், சிஸ்டர் யாரென்று உடனே தெரிந்துவிடும். தெரிந்தாலும் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். அவர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.

பட்டணத்தின் பெயரும் வேண்டாம். நோர்வூட்டில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். பஜார் முடிகிற இடத்தில் தெரு மேலே ஏறும். அந்த ஏற்றத்தின் நடுவில், கன்னியாஸ்திரிகள் நடத்திய எங்கள் பெண்கள் பாடசாலை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். அதற்கு மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் மாதா. படித்தவர்களில் பெரும்பாலும் தோட்டத்துச் சைவப் பிள்ளைகள். மாதாவுக்கு நாங்களும் ரோசாப்பூ கொண்டுபோய் வைப்போம். அதில் யாருக்கும் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

குழப்பம் பாடத்திட்டத்தில்தான் வந்தது. பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாயப் பாடம். உயர்தரத்துக்குப் போவதற்குத் தாய்மொழியும் கணிதமும் சித்தியடைய வேண்டும், சில பாடங்களிலாவது திறமைச் சித்தி வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. எங்கள் பாடசாலை தன் பங்குக்கு இன்னும் இரண்டை வைத்திருந்தது. சமயப் பாடத்தில் 'பி'க்குக் குறையக் கூடாது. பெறுபேறு வந்த பிறகு அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு வந்து, அதிபர் சிஸ்டருக்கு முன்னால் நேர்முகத்துக்கு உட்கார வேண்டும்.

"மூளை மட்டும் காணாது. பிள்ளை எப்படி வளருது எண்டு நான் பார்க்கவேணும்" என்பார் சிஸ்டர். அவர் மன்னார்ப் பக்கத்துக்காரர். எங்கள் பேச்சு அவருக்கும் அவர் பேச்சு எங்களுக்கும் பழக ஒரு தவணை பிடிக்கும்.

சைவநெறிக்கு ஆசிரியை வருவார், வருவார் என்றார்கள். வரவில்லை. அந்தப் பாடவேளையில் சைவப் பிள்ளைகளான நாங்கள் நூலகத்தில் உட்கார்ந்து புத்தகத்தை நாங்களாகவே வாசித்தோம். பாதி நேரம் ஒருத்தி தலையில் மற்றவள் பேன் பார்த்தாள். எங்களுக்கு முந்திய அக்காமாரில் சிலர், கணிதத்தில் நல்ல பெறுபேறு வாங்கியும், சமயத்தில் சாதாரணச் சித்தியோடு நின்றுபோய் அந்தக் கேட்டைத் தாண்ட முடியாமல் போனார்கள். ஹட்டனுக்கு அனுப்ப வசதி இருந்தவர்கள் அங்கே போனார்கள். மற்றவர்கள் கொழும்புக்கு, கார்மெண்ட்ஸ் வேலைக்கு. என்னை ஹட்டனுக்கு அனுப்ப மாட்டேன் என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். இங்கே இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் தையல் மெஷின். இது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் பத்தாம் தரத்தில் கத்தோலிக்கப் பாடத்துக்கு மாறினேன். அதைச் சிஸ்டரே படிப்பித்தார். மதம் மாறச் சொல்லி ஒருநாளும் ஒருவரும் கேட்கவில்லை.

அப்பா பஜாரில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கொடுக்கும் வேலை. விஷயம் கேள்விப்பட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"மொதலாளி கோயில் கமிட்டியில இருக்காரு. தெரிஞ்சா என் மூஞ்சிய எங்க கொண்டு போயி வைக்கிறது?"

"தெரிஞ்சா, அப்பிடியே ஒரு சைவநெறி டீச்சரையும் புடிச்சுக் குடுங்க மொதலாளின்னு கேளுங்க" என்றார் அம்மா. "தட்ட இழுங்க. ஆறுது."

அந்த வருடத்து மாலை நேரங்கள் எனக்கு வாசத்தோடு ஞாபகம் இருக்கின்றன. அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து வாசலில் உதறுவார். பிறகு அது அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கும். அதிலிருந்து சொட்டும் மழைத்தண்ணீர் சாம்பலில் விழுந்து சுரீர் என்னும். பச்சைக் கொழுந்தும் புகையும் ஈரச் சாக்கும் கலந்த அந்த வாசத்தில் உட்கார்ந்துதான் ஏழு அருளடையாளங்களையும் பத்துக் கட்டளைகளையும் பாடமாக்கினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார்.

"ஏழுன்னு சொன்ன. ஆறுதான் வந்துச்சு."

"எதும்மா உட்டேன்?"

"கல்யாணம்."

"அதுக்கு இன்னும் வயசு வரலம்மா."

"பரீட்சைக்கு வயசு வந்துருச்சுல்ல? மறுபடி சொல்லு."

வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் பிறப்பிலேயே கத்தோலிக்கப் பிள்ளை. அவளும் தோட்டத்துப் பிள்ளைதான். நான் ஒப்பிப்பதைக் கேட்டுவிட்டு, "ஏய், ஞாயித்துக்கெழம பூசைக்கு எனக்குப் பதிலா நீயே போயிருடி. நான் படுத்துத் தூங்குறேன்" என்பாள்.

சாதாரண தரத்தில் முதல் பரீட்சையே சமயந்தான். அன்று காலை பனி இறங்கியிருந்தது. அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் என்னோடு வந்தார். தோட்டத்துப் பாதை தார் ரோட்டைத் தொடுகிற இடத்தில் எங்கள் மாரியம்மன் கோயில். அம்மா கற்பூரம் கொளுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினேன். தாயே, இந்தப் பாடத்தில் 'பி' வந்துவிட்டால் போதும், திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பயத்தில் தானாக வந்த வேண்டுதல்.

"என்னா இம்புட்டு நேரம் வேண்டுன?" என்றார் அம்மா.

"பால்குடம் எடுக்குறேன்னு."

"இன்னைக்கி என்னா பாடம்?"

"அவங்க சாமி பாடம்மா."

அம்மா என் நெற்றியில் திருநீறு பூசினார். "எந்தச் சாமி பாடமா இருந்தா என்னா, எழுதப் போறது நீதானே. ஆத்தா பாத்துக்குவா."

பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் சிலுவை அடையாளம் போட்டார்கள். என் கையும் தானாக நெற்றிக்குப் போனது. வகுப்பில் தினமும் போட்ட பழக்கம். விரலில் திருநீறு ஒட்டியது. அப்போது அது எனக்கு வினோதமாகவே தெரியவில்லை.

பெறுபேறு வந்தபோது சமயத்துக்கு 'ஏ'. கணிதமும் தமிழும் நல்ல சித்தி. சிஸ்டர் தன் பிஸ்கட் டின்னைத் திறந்து இரண்டு டொபி எடுத்தார். "ஒண்டு உமக்கு, ஒண்டு அம்மாவுக்கு." அம்மா அதைத் தின்று முடித்துவிட்டு, பளபளக்கும் தாளை நகத்தால் நீவி நீவிச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தார். பிறகு தோட்டத்து லயத்தில் வீடு மாறிப் போனபோது அந்தத் தாள் எங்கோ விழுந்துவிட்டது.

நேர்முகத்துக்கு முன்பு திருவிழா வந்துவிட்டது.

பித்தளைக் குடம் பக்கத்து வீட்டில் இரவல். மஞ்சள் தாவணியை அம்மாவே சாயம் முக்கினார். கழுத்தெல்லாம் மஞ்சள் இறங்கியது. ஆற்றங்கரையில் பால் ஊற்றி, வேப்பிலை வைத்துக் கட்டி, தப்பு மேளச் சத்தத்தோடு கிளம்பினோம். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பஜாரைத் தாண்டி, பாடசாலை ஏற்றத்தில் ஏறி, அப்படியே தோட்டத்துக்குப் போகிற வழி. புதிதாகக் கல் கொட்டியிருந்த இடத்தில் என் குதிகால் கிழிந்தது. வழி நெடுகக் கடைக்காரர்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள்.

பாடசாலைக் கேட்டும் திறந்திருந்தது. திருவிழா அன்று ஒவ்வொரு வருடமும் சிஸ்டர் குழாயில் ஹோஸை மாட்டி, நடந்து வருகிறவர்களின் காலுக்குத் தண்ணீர் விடுவார். மஞ்சள் இல்லாத வெறும் தண்ணீர். என் காலுக்கு விட்டவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீரோ பிள்ளை?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஆமா சிஸ்டர், நம்ம புள்ளதான்! ஒங்க பாடத்துல ஏ எடுத்துச்சில்ல, அதுக்குத்தான் இந்தப் பால்குடம்!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் குடத்தோடு நின்ற ஒரு அக்கா, "அப்போ கணக்குப் பாடத்துக்கு மாதா கோயிலுக்கு நேந்துக்கணுமா?" என்றார். இன்னும் சிரிப்பு. சிஸ்டர் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொஞ்சம் சிவந்து ஓடியது.

"சாப்பிட்டனீரோ?"

"விரதம் சிஸ்டர்."

அவர் குழாயை மூடினார். "திங்கட்கிழமை நேர்முகத்துக்கு அம்மாவோட வாரும்."

தலையில் குடம் இருந்ததால் என்னால் குனியவும் முடியவில்லை. கோயில் வரை முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் நடந்தேன்.

விஷயம் எங்களுக்கு முன்னால் அப்பாவின் கடைக்குப் போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் கத்தினார். "ஒன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டா என்னா? அந்தம்மா படிச்சுக் குடுத்து ஏ வாங்க வச்சுச்சு. நீ அவங்க கேட்டுலயே நின்னுக்கிட்டு மாரியாத்தாளுக்கு நன்றி சொல்ற! இனி எப்பிடி எடம் குடுப்பாங்க?"

எதற்கும் திருப்பிச் சொல்லுகிற அம்மா, அன்று இரவல் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கோயிலில் கொடுத்த பொங்கல் வாழை இலையிலேயே காய்ந்தது. திங்கட்கிழமை பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அங்க நீ ஒண்ணும் பேசாத. நான் பேசிக்கிறேன்."

சிஸ்டரின் அறையில் மெழுகு போட்டுத் தேய்த்த தரையின் வாசம் இருந்தது. அம்மா செருப்பை வெளியே, உட்காருவதற்குப் போட்டிருந்த மர வாங்குக்கு அடியில் கழற்றி வைத்தார். கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கொழுந்துக் கறை ஏறிய விரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். சிஸ்டர் என் பெறுபேற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"பிள்ளை, அண்டைக்குப் பால்குடம் எடுத்தது உம்முடைய விருப்பமோ?"

நான் வாயைத் திறப்பதற்கு முன் அம்மா எழுந்தேவிட்டார்.

"அவளுக்கு இஷ்டமே இல்ல சிஸ்டர். வேணாம், வேணாம்னுதான் அழுதா. நான்தான் அடிச்சு எடுக்க வச்சேன். படிக்காதவ, எனக்கு என்னா தெரியும்? புள்ள மேல ஒரு குத்தமும் இல்ல சிஸ்டர்."

சிஸ்டரின் முகம் மாறியது. "அடிச்சனீங்களோ? சாப்பாடும் குடுக்காமல், வெறுங்காலோட, அடிச்சு நடக்க வைச்சனீங்களோ?"

அம்மா தலையைக் குனிந்தார். "ஆமா சிஸ்டர்."

என் அம்மா என்னை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. லயத்தில் மற்ற வீடுகளில் அடி விழும் சத்தம் கேட்டால்கூட எழுந்து போய்க் கதவைத் தட்டுகிறவர். அவர் இப்படிக் குனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

"இல்ல சிஸ்டர். அம்மா அடிக்கவே இல்ல. நானாத்தான் வேண்டிக்கிட்டேன். அம்மா பொய் சொல்றாங்க."

இதை நான் அம்மாவுக்காகத்தான் சொன்னேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கடைசியாகச் சொன்ன அந்த மூன்று வார்த்தைகளும் அறையைவிட்டுப் போகவே இல்லை. சிஸ்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"பிள்ளைக்கு முன்னாலேயே ஏன் அம்மா பொய் சொல்லுறீங்க?" என்றார் சிஸ்டர். குரல் உயரவில்லை. "அவ உண்மை சொல்லப் பயப்படேல்ல, பாருங்கோ. நீங்கள் அவவிட்ட இருந்து படிக்கவேணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நல்ல பிள்ளை. உயர்தரத்துக்கு வாரும்."

இடம் கிடைத்துவிட்டது. நாங்கள் ஏற்றத்தில் இறங்கிப் பஸ் தரிப்பிடத்துக்கு வந்தோம். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்.

"எடம் கெடச்சுருச்சில்ல?"

"ம்."

"அது போதும்."

பஸ் பாலத்தைத் தாண்டும்போதுதான் அம்மாவின் காலைப் பார்த்தேன். வெறுங்கால். பஜார் வழியாக அப்படியே நடந்து வந்திருக்கிறார். இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"அம்மா, செருப்பு!"

"கெடக்கட்டும் விடு."

அடுத்த தடவை போனபோது, அந்தச் செருப்பு சிஸ்டர் அறைக்கு வெளியே அதே வாங்கின் அடியில் இருந்தது. யாரோ கூட்டும்போது சுவரோரமாகத் தள்ளி, ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தார்கள். நீல வார், ஒரு பக்கம் ஊசி குத்திய செருப்பு. பிள்ளைகள் பார்ப்பதற்கு முன் எடுத்துப் பைக்குள் புத்தகங்களுக்கு அடியில் திணித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அதைப் பிறகு போடவே இல்லை. அந்தக் கேட்டுக்குள்ளும் வரவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா வந்தார். பரிசளிப்புக்கும் அப்பாதான். "மலையில வேல இருக்கு" என்பார் அம்மா. பௌர்ணமிப் போயா தினத்திலும், தோட்டத்துக்கே லீவு நாளிலும் மலையில் வேலை இருந்தது.

சிஸ்டர் எதற்காக அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது உயர்தரம் முடியும் தறுவாயில்தான் தெரிந்தது. என் பக்கத்துத் தோழி பேச்சுவாக்கில் சொன்னாள்.

"எங்கம்மாவையும் அப்பிடித்தான் கூப்புட்டுக் கேட்டாங்கடி. மாதா கோயில்ல என்னைய முழங்கால்ல நடக்க வச்சாங்கல்ல, முட்டி கிழிஞ்சு ஸ்கூலுக்கு வந்தேனே. 'பிள்ளையின்ட விருப்பமோ, உங்கட விருப்பமோ'ன்னு கேட்டு, எங்கம்மாவ அழ வச்சுட்டாங்க."

அப்படியென்றால் சிஸ்டர் பார்த்தது என் காலைத்தான். எந்தச் சாமிக்கு நடந்தேன் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. "ஆமா சிஸ்டர், அவளோட விருப்பந்தான்" என்று அம்மா உள்ளதைச் சொல்லியிருந்தால், இரண்டு நிமிடத்தில் எழுந்து வந்திருப்போம். அம்மா தன் சாமியால் என் படிப்புப் போய்விட்டது என்று பயந்து, எந்தப் பதில் வந்துவிடக் கூடாது என்று சிஸ்டர் நினைத்தாரோ அதையே தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டார். சிஸ்டரோ ஒரு தாயின் பயத்தைப் பொய் என்று மட்டும் புரிந்துகொண்டார். நான் அம்மாவை ஒரு பழியிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்தேன். மூன்று பேரும் நல்லதுதான் செய்ய நினைத்தோம். வெறுங்காலோடு திரும்பியது அம்மா மட்டும்.

இப்போது அம்மா எங்களோடு ஹட்டனில் இருக்கிறார். அவரிடமே கேட்கலாமே என்பீர்கள். ஒருமுறை கேட்டேன். "எந்தச் சிஸ்டர்? எனக்கு எங்க அதெல்லாம் ஞாவகம் இருக்கு" என்றுவிட்டு, அடுப்பில் வைக்காத சோற்றைப் பார்க்க எழுந்து போனார்.

ஹட்டனில் கேட்ட பாடசாலைகளில் இடம் கிடைக்காமல், மகளுக்கு அதே பாடசாலையில் ஆறாம் தரத்துக்கு இடம் வந்திருக்கிறது. சிஸ்டர் மாறிவிட்டார். விதிகள் மாறவில்லை. சைவநெறிக்கு ஆசிரியை வருவார் என்று இப்போதும் சொல்கிறார்கள். புதிதாக ஒன்றும் வந்திருக்கிறது: சேரும்போதே எந்தச் சமயப் பாடம் என்று சொல்ல வேண்டும். கத்தோலிக்கம் என்றால் தாய், தகப்பன் இருவரும் சம்மதிக்க வேண்டும். என் கணவர் கொழும்பில் வேலை, நேர்முகத்துக்கு வரமாட்டார். தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நம்ம புள்ள நம்ம சமயத்தத்தான் படிக்கணும். மார்க்ஸ் கொறஞ்சா கொறையட்டும்." நூலகத்தில் பேன் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை அவர் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். அவருக்கும் சம்மதந்தான் என்று சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல.

சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "அப்பா வேணாம்னுதானே சொன்னாரு?"

"அங்க நீ ஒண்ணும் பேசாத. நான் பேசிக்கிறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது. உள்ளறையில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்திச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

நேர்முகம் அடுத்த மாதம். உங்களில் யாராவது இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். உள்ளதைச் சொல்லி, பிள்ளையை நூலகத்தில் உட்கார வைக்கவா? பொய் சொல்லி, அவள் வாயை முன்கூட்டியே மூடி வைக்கவா? அல்லது பொய்யையும் சொல்லிவிட்டு, அவள் பேசினால் பேசட்டும் என்று விட்டுவிடவா? ஒருவேளை அவள் பேசிவிட்டால், அந்த நிமிடத்தில் நான் அவளை எப்படிப் பார்க்க வேண்டும்? அதையும் சொல்லுங்கள். தெரிந்த ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். அவரிடம் கேட்க எனக்கு முகமில்லை.